ஆள் இல்லாத அறை

அத்தியாயம் 11

அப்பாவின் உதடு வெடித்திருந்தது. தர்மினி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் மெல்ல ஒற்றினாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு மருத்துவமனைக் கூரையைப் பார்த்தார்.

நேற்று, ஆயுத பூசையன்று பிற்பகல் நடந்ததை அவளால் இன்னும் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. ரெம்பாவ் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், பழைய துரை பங்களாவில் நடக்கும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் முன்கூடத்துப் பூசையில் இருந்தார்கள். பின்பக்க அறையில் அப்பா இராஜரத்தினம் படுத்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. கழுத்தும் வலது கை விரல்களும் மட்டும் கொஞ்சம் அசையும். பூசை நடந்துகொண்டிருந்தபோது அந்த அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் நின்றுபோனது. குளிர் வீணாகக் கூடாது என்று சன்னல்களைத் திருகாணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். பிரசாதம் எல்லாம் கொடுத்து முடித்துத் தேநீரோடு போய்க் கதவைத் திறந்தவர் தர்மினியின் மாமியார் மாரியம்மா. உள்ளேயிருந்து அடுப்பங்கரை அனல் அடித்தது. சட்டையெல்லாம் நனைந்து, நாக்கு வறண்டு, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் அவர் கிடந்தார்.

ஏர்கோனைத் தானாக நிறுத்தும் கருவியை அங்கே மாட்டியவன் புனிதன். தர்மினியின் கணவன்.

இந்த ஒரு வரிதான் அண்ணன் ஜெயசங்கரைக் கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் மருத்துவமனைவரை நிறுத்தாமல் கார் ஓட்டி வர வைத்திருந்தது. வங்கியில் பெரிய பொறுப்பில் இருப்பவன். இரவு முழுவதும் உட்காரவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் அவன்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு ஆம்புலன்சுக்குச் சொல்லிப் போட்டன். அப்பாவை என்ர வீட்டுக்குக் கொண்டு போறன்."

தர்மினிக்கு அண்ணனிடம் பேசும்போது மட்டும் பிறந்த வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் தானாக வந்துவிடும். "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"ஆரைக் கேக்க வேணும்? உன்ர மனிசனையோ? ஆள் படுத்திருக்கிற அறையைப் பாத்து ஆள் இல்லையெண்டு சொல்லுற சாமானைக் கொண்டுவந்து மாட்டினவன். அவன் இனி அப்பாவுக்குக் கிட்ட வரக் கூடாது."

"மெல்லக் கதையுங்கோ அண்ணா."

"அண்டைக்கே சொன்னனான். கேட்டியோ?"

அந்த 'அன்றைக்கு' அவளுடைய கல்யாணப் பேச்சு நடந்த நாள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன நாள். அவளுக்குக் காது சூடானது. எதையாவது எடுத்து எறியலாம் போலிருந்தது. கையில் இருந்தது நனைந்த பஞ்சுதான். அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

காலையிலிருந்து அப்பா வாயைத் திறக்கவில்லை என்று தாதி வந்து சொன்னாள். தாதி ஊட்டியும் வேண்டாம், பிள்ளைகள் ஊட்டியும் வேண்டாம். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் இன்று மாலைக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும். அண்ணனும் தங்கையும் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, இது யாரால் வந்தது என்று மறுபடி தொடங்கினார்கள்.

*

ரெம்பாவ் சாலையில் பங்களாவை நோக்கிக் கார் ஓட்டும்போது தர்மினிக்குப் புனிதன்மேல் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. நேற்றுச் சாயங்காலம் மருத்துவமனை வாசலில் அண்ணன் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டபோது, அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் பாக்குறேன்," என்று மட்டும் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், இரவு மருத்துவமனைக்குத் திரும்பி வரவில்லை.

அந்தக் கருவிகளை அவள்தான் ஊரெல்லாம் புகழ்ந்திருந்தாள். புனிதனுக்கு லுக்குட் ஊரில் ஏர்கோன் கடை இருக்கிறது. பங்களா இல்லத்தில் சாப்பாட்டுக் கூடம், பூசை அறை, விருந்தினர் அறை எல்லாவற்றிலும் ஏர்கோன் காலை முதல் இருட்டும்வரை ஓடும். விருந்தினர் அறையில் பெரும்பாலும் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்குத்தான் குளிர் அடிக்கும். மின்சாரக் கட்டணம் கட்டியே நன்கொடை கரைந்தது. இராத்திரியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியவில்லை. அப்போதுதான் புனிதன், மனித உடம்பின் சூட்டைக் கண்டுகொள்ளும் கருவியைச் சொன்னான். அறையில் ஆள் இருந்தால் ஏர்கோன் ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். சாதாரணக் கருவிகள் அசைவைத்தான் பார்க்கும். படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் அசையமாட்டார்கள் என்று, அவர்கள் அறைகளுக்கு மட்டும் விலை கூடிய இன்னொரு வகையைத் தேடி வாங்கினான். அசையாமல் கிடந்தாலும் உடம்புச் சூடு போதும், அது கண்டுகொள்ளும்.

அதில் மிச்சமான பணத்தில்தான் இல்லத்துக்கு இராத்திரி ஆள் வந்தாள். அது நல்ல காரியம். இன்றைக்கும் அது நல்ல காரியம்தான். ஆனால் கோபம் வந்த மனத்துக்கு நேற்றைய நன்மை ஒன்றும் நினைவுக்கு வராது.

பங்களாவின் இரும்புக் கதவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆயுத பூசைப் பொட்டு. சக்கர நாற்காலியின் கைப்பிடியில், துணி துவைக்கும் மெஷினில், வேனின் முன்கண்ணாடியில், வெட்டுக் கத்தியில், புல்வெட்டும் மெஷினில். தோட்டத்தில் அப்படித்தான். சோறு போடும் எந்தச் சாமானும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்காது.

இல்லத்தை நடத்தும் குமுதவல்லி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நேற்று விருந்து நடக்கும்போது சாப்பாட்டுக் கூடத்திலும் ஏர்கோன் நின்றுவிட்டது, ஏதோ கோளாறு என்று நாங்கள் சன்னலைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டோம், பின்னால் ஒருவர் இருக்கிறாரே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தர்மினியால் அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

அப்பாவின் அறைக்குப் போனாள். சன்னல்கள் திறந்திருந்தன, திருகாணிகள் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தன. புனிதன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்து கழற்றிய கருவியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. நடுவில் கரும்பச்சைக் கண். அவன் கையிலிருந்த பஞ்சுக் குச்சி மஞ்சளாக இருந்தது.

"என்ன அது?"

அவன் குச்சியை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"சந்தனமா?"

அவள் அவன் கையை இழுத்து விரித்தாள். மஞ்சளுக்கு நடுவில் குங்குமச் சிவப்பு. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கருவியின் கண்ணில் யாரோ பொட்டு வைத்திருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து மூடிபோல் ஒட்டிக்கொண்டது. கண் மறைந்த கருவி, அறையில் ஒருவரும் இல்லை என்று நினைத்து ஏர்கோனை நிறுத்திவிட்டது.

"அத்தையா?" என்றாள்.

"எல்லா மெஷினுக்கும் வெச்சாங்க. இது என் கையால மாட்டுனது இல்லையா. அதனால இதுக்கெல்லாம் மட்டும் பெருசா வெச்சிருக்காங்க."

மாரியம்மா அந்த இல்லத்தில் துப்புரவு வேலைக்கு வந்து, இப்போது முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதுமாக இருப்பவர். இராஜரத்தினத்துக்கு மூன்று வேளையும் ஊட்டுவது அவர்தான். மனைவி பூரணம் அம்மாள் இறந்தபின் அவருக்கு யார் கையாலும் சோறு இறங்கவில்லை, மாரியம்மாவின் கையைத் தவிர. தர்மினியின் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போன மனிதர் அவர்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துச் சாயங்காலம். வந்ததும் பாத்தேன்."

"நான் ராத்திரி முழுக்க அங்க அண்ணன்கிட்டப் பேச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு போன் பண்ணல. இங்க உக்காந்து துடைச்சிக்கிட்டு இருக்கீங்க."

"அம்மாவுக்குத் தெரியாது தர்மினி. யாரும் சொல்லல. நீயும் சொல்லாத லா."

"ஏன் சொல்லக் கூடாது?"

"தப்புப் பொட்டுல இல்ல." அவன் குரலும் இப்போது உயர்ந்தது. "கண்ணு மறைஞ்சா என்னா செய்யணும்னு இதுக்குச் சொல்லிக் குடுத்தது நான். தெரியலன்னா ஓடிக்கிட்டே இருன்னு சொல்லியிருக்கணும். நான் நிறுத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன். கையெட்டுற உயரத்துல மாட்டியிருக்கேன். ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வைப்பாங்கன்னு தோட்டத்துல பொறந்த எனக்குத் தெரியாதா? யோசிச்சனா?"

"அது உங்க தப்பு. சரி. இதை மறைச்சது?"

"மறைக்கல. சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் கருவியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் தோன்றவில்லை.

*

பின்கட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. மெஷின் இருந்தும் மாரியம்மா ஐயாவின் படுக்கை விரிப்பைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு.

தர்மினியைக் கண்டதும் நிறுத்தினார். ஐயா கண் முழித்தாரா, வாயில் ஏதாவது போனதா என்று கேட்டார். காலையிலேயே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்ததாகவும், வார்டு வாசலில் 'தம்பி' ஜெயசங்கர் உள்ளே விடவில்லை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் குறை இல்லை. குறையெல்லாம் மகன்மேல்.

"என்னா மெஷினும்மா இது. மனுசன் உள்ள வெந்துக்கிட்டு இருக்காரு, அது ஆள் இல்லன்னு சொல்லுது. என் மவன் செஞ்சதுன்னு நானும் பெருமையா நம்பிட்டுப் பூசைக்குப் போனேன். என்னச் செருப்பால அடிக்கணும்."

தர்மினி வாயைத் திறந்தாள். அதற்குள் முன்பக்கம் கார் வந்து நிற்கும் சத்தம்.

ஜெயசங்கர் அப்பாவின் உடைமைகளை எடுக்க வந்திருந்தான். குமுதவல்லியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நேராக அறைக்குள் போனான். அலமாரியைத் திறந்து சட்டைகளை வாரிப் பைக்குள் திணித்தான். மூலையில் நின்ற புனிதனை அப்போதுதான் பார்த்தான்.

தர்மினியும் மாரியம்மாவும் ஓடிவந்தபோது அவன் கத்திக்கொண்டிருந்தான். கரண்டு மிச்சம் பிடிக்க ஒரு மனிதனை வேகவைத்தாய் என்றான். உயிர் போயிருந்தால் என்ன செய்வாய் என்றான். படித்தாலும் கடை வைத்தாலும் தோட்டத்துப் புத்தி போகாது என்றான். குமுதவல்லி காதைப் பொத்திக்கொண்டாள்.

புனிதன் தலையைக் குனிந்து நின்றான். "என் தப்புத்தான் மச்சான்," என்றான். "நான்தான் சரியாச் செய்யல."

"என்ன தப்பு? சொல்லு. என்னண்டு நிண்டது?"

புனிதன் சொல்லவில்லை.

ஜெயசங்கருக்கு ஒத்தாசை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாரியம்மா ஈரக் கையோடு முன்னே வந்தார்.

"நல்லாக் கேளுங்க தம்பி. நானும் நேத்துலேருந்து கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டேங்குறான். ஏன்டா, எவனாச்சும் எதையாச்சும் தொட்டுக் கெடுத்துட்டானா? அப்படின்னா அவன் கை வெளங்குமாடா? படுத்துக் கெடக்குற மனுசனுக்கு வெனை வெச்ச கை நல்லாருக்குமா? இல்ல நீதான் அரைகொறையா மாட்டுனியா? இந்தத் தம்பி சொல்றது சரிதான். ஒனக்கெல்லாம் எதுக்குடா கடை?"

புனிதன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். பெற்றவள் தன் கையைத் தானே சபிப்பதை மகன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளைக் காப்பாற்றுவதாக அவன் நினைத்தான். ஜெயசங்கர் மாரியம்மாவை முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

தர்மினியால் அதைப் பார்க்க முடியவில்லை. இதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது என்று தோன்றியது. உண்மை தெரியாமல் திட்டவிட்டு வேடிக்கை பார்ப்பது இரக்கமா?

"அத்தை, போதும்," என்றாள். "சபிக்காதீங்க. அது கெடல. அது கண்ணுல சந்தனம் இருந்துச்சு. காஞ்சு மூடிக்கிச்சு. அதனால அப்பா இருந்தது அதுக்குத் தெரியல."

முதலில் மாரியம்மாவுக்குப் புரியவில்லை. கருவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு புரிந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஒன்று தடதடத்துக் கடந்து போனது.

"மெய்யாவாடா?"

"அம்மா, பொட்டு ஒரு காரணமே இல்ல. நான் அதை—"

"மெய்யாவான்னு கேட்டேன்."

"ஆமா."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து அவன் முதுகில் ஓங்கி அடித்தார். ஒரே அடி. "பெத்தவகிட்ட மறைக்கிறியா? நான் என்னா சின்னப் புள்ளையா? செஞ்சத என்கிட்டச் சொன்னா நான் தாங்கமாட்டனா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் சேந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா?"

அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது. தர்மினிக்கு அந்தக் கோபம் நியாயமாகப் பட்டது. வயதானவர்கள் என்று நாம் சில பேரிடம் உண்மையைச் சொல்வதில்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஜெயசங்கர் பையை மூடினான். "தாயும் மகனுமாச் செய்திருக்கிறீங்கள்," என்றான். அவன் இப்போது கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "இனி அப்பாவுக்குக் கிட்ட நீங்களும் வரவேண்டாம்."

"சரி தம்பி. வரல." மாரியம்மா கையை முந்தானையில் துடைத்தார். "ஆனா ஒரு தடவ வந்து ஐயாகிட்டச் சொல்லிட்டுப் போறேன். வெனை வந்தது அவருக்கு. ஒங்களுக்கு இல்ல. அவருகிட்டச் சொல்லணும்."

சமையல்கட்டுக்குப் போய்க் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் தர்மினியின் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

*

மாலைப் பார்வை நேரம். வார்டில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் உறவுக் கூட்டம். இராஜரத்தினத்தின் கட்டிலருகே தாதி குழாயைத் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெயசங்கர் வழிவிட்டான்.

மாரியம்மா கட்டிலின் கால்பக்கம் போய் நின்றார். கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, ஏர்கோன் நின்னது என்னாலதான். புனிதன் மாட்டுன மெஷினுல நான் பொட்டு வெச்சேன். சாமி பேரச் சொல்லித்தான் வெச்சேன். அது கண்ண மறைச்சிருச்சு. எனக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சாலும் கஷ்டப்பட்டது நீங்க. பூசை முடிஞ்சு ஒடனே வந்து பாத்திருக்கணும். பிரசாதம் குடுத்துக்கிட்டு நின்னுட்டேன். அதுவும் என் தப்புத்தான்."

இராஜரத்தினம் அவரை உற்றுப் பார்த்தார். முழுவதும் கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெயசங்கர் 'பார்த்தாயா' என்பதுபோல் தங்கையைப் பார்த்தான்.

மாரியம்மா தூக்குச்சட்டியைத் திறந்தார். பூண்டும் சீரகமும் போட்ட கஞ்சி மணத்தது. கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியோடு சுவர்ப்பக்கமாய்ச் சுற்றிக்கொண்டு போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் இராஜரத்தினம் மெதுவாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். மாரியம்மா மறுபடி இந்தப் பக்கம் வந்தார். அவர் அந்தப் பக்கம் திருப்பினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருந்த புனிதனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

மூன்றாம் முறை மாரியம்மா நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"கோவப்படுங்க ஐயா. படவேண்டிய கோவந்தான். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா கஞ்சி குடிச்சிட்டுக் கோவப்படுங்க. வெறும் வயித்துல எம்புட்டு நேரம் கோவப்படுவீங்க?"

கரண்டியை நீட்டியபடியே இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமலே, இராஜரத்தினம் வாயைத் திறந்தார்.

ஒரு வாய். இன்னொரு வாய். தாதி குழாயை எடுத்துக்கொண்டு போனாள். கடைசிவரை அவர் மாரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை. மன்னிப்பு வருவதற்கு நாளாகலாம். அதுவரை பசியாற வேண்டாமா? இறைவன் மனிதரை அப்படித்தான் படைத்திருக்கிறார்.

கிண்ணம் காலியானதும் ஜெயசங்கர் தொண்டையைச் செருமினான். நன்றி என்று மட்டும் மாரியம்மாவிடம் சொன்னான். நாளைக்கு ஒன்பது மணிக்கு வண்டி வரும், அதில் மாற்றம் இல்லை என்று தங்கையிடம் சொன்னான்.

தர்மினிக்கு அடங்கியிருந்தது மறுபடி பொங்கியது. உங்கள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். நீங்களும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டால்? ஆள் வைப்பேன் என்றான் அவன். எந்த ஆள்? அவருக்கு ஊட்டத் தெரிந்த ஆளா? அந்தப் பங்களாவில் மட்டும் எல்லாம் ஒழுங்காய் நடந்ததா என்றான். புனிதன் நடுவில் புகுந்து, இனிமேல் படுக்கை அறைகளில் ஏர்கோன் தானாக நிற்காது என்றான். கருவிக்கு ஆள் தெரியாவிட்டால் குமுதவல்லியின் போனுக்குச் செய்தி போகும், யாராவது நேரில் போய்ப் பார்க்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கே மாற்றிவிட்டேன் என்றான். உன் கருவியைப் பற்றி என்னிடம் பேசாதே என்றான் ஜெயசங்கர். கட்டிலுக்கு மேலாகக் குரல்கள் இங்கும் அங்கும் போய்வந்தன.

மாரியம்மா ஈரத் துணியால் பெரியவரின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஐயாவ யாராச்சும் கேட்டீங்களா?"

மூவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும். கண்ண மூடித் தொறந்தா ஆமான்னு அர்த்தம். மூஞ்சியத் திருப்புனா வேண்டாம். ஒவ்வொண்ணாக் கேளுங்க, சொல்லுவாரு."

ஜெயசங்கர் அப்பாவைப் பார்த்தான். நேற்றிலிருந்து அவன் அவருடைய நாடியை, காய்ச்சலை, சொட்டும் மருந்தைப் பார்த்திருந்தான். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கட்டிலின் பக்கம் குனிந்தான்.

"அப்பா... என்னோட கோலாலம்பூருக்கு வாறீங்களோ?"

இராஜரத்தினம் மகனைப் பார்த்தார். கண்ணை மூடவும் இல்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

தர்மினி மறுபக்கம் குனிந்தாள். "பங்களாவுக்கே போறீங்களோ அப்பா?"

மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தார். கோபித்து முகம் திருப்பியபின் முதன்முறையாக மாரியம்மாவையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார்.

திறப்பார் என்று நால்வரும் காத்திருந்தார்கள். அவர் திறக்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தை இறுகப் பற்றின.

"தூங்கிட்டாரா?" என்றான் புனிதன் மெதுவாக.

"தூங்கல," என்றார் மாரியம்மா. "நம்ம எல்லார் மேலயும் கோவமா இருக்காரு. இருக்கட்டும்."

ஜெயசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேற்றிலிருந்து முதல்முறையாக அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். காலையில் வண்டி வந்துவிடும். அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கண்ணைத் திறப்பதாக இல்லை.